சும்மா உட்கார்ந்திருப்பவர்

“வீடே இடிஞ்சு விழுந்தாலும் திரும்பிப் பாக்க மாட்டேன்” என்று அறிவித்துவிட்டு, மெக்கானிக் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஜென் தியானம். முதுகு நேராக, கண் பாதி மூடி, எதையும் வேண்டாமல் வெறுமனே உட்கார வேண்டும்.

“கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க, கூட்டணும்” என்றார் வீட்டம்மா.

ஊராரின் வாஷிங் மெஷின்களைப் பிரித்து வைத்தியம் பார்ப்பது மெக்கானிக்கின் தொழில். கைராசிக்காரர், வாய்தான் சரியில்லை. வாடிக்கையாளர்களிடம் வள்ளென்று விழுவார். அதற்கு மருந்தாகத்தான் தியானம்.

எடுத்த காரியத்தில் கஞ்சத்தனம் அவருக்குப் பிடிக்காது. காலைப்பொழுது முழுவதையும் சுவருக்கே எழுதிவைத்தார். அப்போது ஃபோன் எடுப்பது மகளின் பொறுப்பு. வாய்மையே உருவான பெண். “அப்பா என்ன பண்றாரு?” என்று கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னாள்: “சும்மா உக்காந்திருக்காரு.”

அழுக்குத்துணிக் குவியலுக்கு நடுவே நின்று இதைக் கேட்பவருக்கு எப்படி இருக்கும்? “சும்மா இருக்கறவருக்கு வந்து பாக்க என்னவாம்?” என்று வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வேலை ஒவ்வொன்றாகக் கைநழுவியது.

“இப்போ நிஜமாவே சும்மாதான் உக்காந்திருக்கீங்க” என்றார் வீட்டம்மா.

ரோஷம் வந்து தியானத்தை அடியோடு விட்டார். அந்த வாரமே ஒரு வீட்டில், “துணி துவைக்கறீங்களா, செங்கல் துவைக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டு வந்தார். அந்த வீடும் போயிற்று.

கடைசியில் அளவை நிர்ணயித்தவர் வீட்டம்மாதான். “நான் மெஷின்ல துணியைப் போடறேன். அது சுத்தற வரைக்கும் உக்காருங்க. நின்னதும் எழுந்து நீங்களே காயப்போடுங்க.” மகளுக்கும் வசனம் திருத்தப்பட்டது: “அப்பா மெஷின் பக்கத்துல இருக்காரு.” இதிலும் பொய் இல்லை. கேட்டவர்களுக்குப் பரம திருப்தி. “பாவம், முடிச்சிட்டே வரட்டும்” என்றார்கள். போன வேலைகளில் பாதி திரும்பி வந்தது. கோபத்திலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது.

இந்த ஞானத்தை நேரில் தரிசிக்கப் போயிருந்தேன். சமையலறையை ஒட்டிய நடையில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே தலையணைமேல் மெக்கானிக், முகம் சுவரில். அடுத்த வீட்டில் யாரோ ஆணி அடித்தார்கள், அவர் அசையவில்லை. வீட்டம்மா அலமாரியைத் திறந்தார், பாத்திரம் உருட்டினார், “இந்த மூடி எங்கதான் போய்த் தொலையுமோ” என்றார். அவர் திரும்பவில்லை.

பிறகு பாத்திரச் சத்தம் நின்றது. காலடிச் சத்தமும் இல்லை. மெஷின் மட்டும் சுற்றியது.

மெக்கானிக்கின் காது விடைத்தது. கொஞ்சம் பொறுத்தார். திரும்பினார்.

வீட்டம்மா கதவோரம் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள் துணி புரள்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கரண்டி, அதன் நினைவே அவருக்கு இல்லை.

மெக்கானிக் தன் அடியில் இருந்த தலையணையை உருவி, ஓசையில்லாமல் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, வெறுந்தரையில் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.