ராகு காலத்தில் ஐஸ் பெட்டி கிடைக்காது!

போன செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் எதிர்வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் காலமானார். செம்மண்டலத்தில் அன்றைக்கு அடித்த வெயிலைச் சொல்லி மாளாது. மகன் துபாயில். மறுநாள் காலையில்தான் வந்து சேர முடியும். அதுவரை உடலை வைக்க ஐஸ் பெட்டி வேண்டும்... உடனே வேண்டும்.

“கவலைப்படாதீங்கம்மா, ஒரு போன் போதும்” என்று அவர் மனைவியிடம் வாய்ச்சவடால் விட்டேன். காரணம் இருக்கிறது. பந்தல், நாற்காலி, அண்டா, ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடும் குணசேகரன், என் சித்தப்பா மகளைக் கட்டியவர். எனக்கு மச்சான். முதுநகரில் பெரிய குடோன். போதாததற்கு, இரண்டு மாதமாக அங்கே எல்லாம் கம்ப்யூட்டர் மயம்!

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் சாஃப்ட்வேர் தன் பிசினஸுக்கு ஒத்துவராது என்று, சிதம்பரத்திலிருந்து ஸ்டெல்லா என்கிற புரோகிராமரை வரவழைத்தார் மச்சான். கெட்டிக்காரப் பெண். வந்தவுடன் கீபோர்டில் கை வைக்கவில்லை. நான்கு நாள் குடோனிலேயே நின்றார். எந்தச் சாமான் எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது என்று, பல வருடமாகக் குடோனைப் பார்த்துக்கொள்ளும் கலாவிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

“அவகிட்ட என்னாம்மா கேக்குற? மொதலாளி நானு!”

சாஃப்ட்வேர் நன்றாகத்தான் வந்தது. ஒரே பந்தலை ஒரே நாளில் இரண்டு கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளும் பழைய கூத்து நின்றது. அதோடு விட்டிருக்கலாம் இல்லையா? மச்சானுக்கு ஒரு ஐடியா உதித்தது. ராகு காலத்தில் குடோனிலிருந்து எந்தப் பொருளும் வெளியே போகக்கூடாது. அந்த ஒன்றரை மணி நேரமும் கம்ப்யூட்டர் கேட் பாஸே தரக்கூடாது!

“எல்லாத்துக்குமா சார்?” என்றார் ஸ்டெல்லா.

“எல்லாத்துக்கும்தான்.”

“அவசரம்னா தொறக்குறதுக்கு கலாக்கா கையில ஒரு பாஸ்வேர்டு...”

“அதெல்லாம் எங்கிட்ட மட்டும் இருந்தா போதும். சொன்னத செய்ம்மா. கேள்வி கேக்கறதுக்கா சம்பளம்?”

அதற்குத்தான் சம்பளம், மச்சான்! டைப் அடிக்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். நான் கலாவுக்குப் போன் போட்டபோது மணி மூன்று ஐந்து. அன்றைக்கு ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை.

“பொட்டி ரெடியா இருக்குதுண்ணே. வண்டியும் நிக்குது. கேட் பாஸ்தான் வர மாட்டுது. நாலரைக்கு மேலதான்னு காட்டுது.”

மச்சான் எங்கே? ஸ்ரீமுஷ்ணம் கோயிலில். போன் சுவிட்ச் ஆஃப். வேறு இரண்டு கடைகளில் விசாரித்தேன்... பெட்டி வெளியே போயிருந்தது. ஸ்டெல்லாவைப் பிடித்தேன்.

“என்னால உள்ள போக முடியாது சார். வேலை முடிஞ்ச அன்னைக்கே என் பாஸ்வேர்ட எடுத்துட்டாரு.”

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது. ஹெட்மாஸ்டரின் மனைவி வாசலைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். “புள்ள வர்ற வரைக்கும் தாங்குமாய்யா? மொகத்தயாவது பாக்கணும்ல அவன்...”

என்ன பதில் சொல்வது? கம்ப்யூட்டருக்கு நேரம் சரியில்லை என்றா? ஒரு போன் போதும் என்று பீற்றிக்கொண்டதை நினைத்து வெட்கமாக இருந்தது.

மறுபடி கலாவைக் கூப்பிட்டேன்.

“வண்டி கெளம்பிடுச்சுண்ணே.”

“கேட் பாஸ்?”

“துண்டு சீட்டுல நானே எழுதி கையெழுத்து போட்டுட்டேன். மொதலாளி வந்து கத்துனா கத்தட்டும். அதுக்காவ பொணத்த வெயில்ல போட முடியுமா?”

சிறிது நேரத்தில் பெட்டி வந்தது. மறுநாள் காலை மகன் வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்து அழுதான்.

கம்ப்யூட்டருக்குச் சொன்ன பேச்சைக் கேட்க மட்டும்தான் தெரியும். முட்டாள்தனமாக ஒன்றைச் சொன்னாலும் பிசகாமல் செய்து முடிக்கும். எந்தப் பேச்சை எப்போது கேட்கக்கூடாது என்று கலாவுக்குத் தெரியும். அந்த விவரத்தையும் சேர்த்து எழுதத்தான் ஸ்டெல்லா நான்கு நாள் குடோனில் நின்றார். விட்டால்தானே?

மச்சான் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்... அதுதான் இல்லை! கேட் பாஸ் இல்லாமல் வண்டியை அனுப்பியதற்குக் கலாவிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்.

கலாவும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே வரி.

“ஹெட்மாஸ்டர் நல்ல நேரம் பார்த்துச் சாகவில்லை, முதலாளி.”