செங்கல் நிறம்

என் தங்கை சரோஜாவைச் சாகவிட்டவள் நான். விஷம் வைக்கவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுவே போதுமானதாக இருந்தது!

அறுபதுகளில் கோலார் தங்கவயலின் ஒரு பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. சரோஜா என் வகுப்பிலேயே கடைசி ஆண்டு படித்தாள். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. ஸ்கெலட்டன் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் லைன் வீடு. முப்பதை நெருங்கியும் எனக்கு வரன் அமையவில்லை. அப்போதுதான் ஆண்டர்சன்பேட்டை மளிகைக் கடைக்காரர்கள் பெண் கேட்டு வந்தார்கள். அண்ணன் தம்பி இருவர். தம்பிக்குச் சரோஜாவைப் பிடித்திருந்தது. அவளைக் கொடுத்தால் அண்ணனுக்கு என்னையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

அன்று வகுப்பில் சர்க்கரையைப் பற்றிய பாடம். உண்ணும் சோறு குளுக்கோஸாகி இரத்தத்தில் கலக்கிறது. இன்சுலின் துணை செய்தால்தான் அது உயிரணுவுக்குள் நுழையும். இல்லையேல் சிறுநீரில் வழிந்து போகும் என்றேன். பெனடிக்ட் கரைசல் நீலம். சர்க்கரையோடு சேர்த்துச் சூடாக்கினால் செங்கல் நிறமாகும். நலமானவரின் சிறுநீரில் அது நீலமாகவே நிற்பதைக் காட்ட விரும்பினேன். மற்றப் பெண்கள் நாணித் தலைகுனிய, சரோஜா சிரித்தபடி சீசாவை வாங்கிப் போனாள்.

அவள் கொண்டுவந்ததைக் கரைசலில் சேர்த்து, சோதனைக் குழாயை விளக்கின்மேல் பிடித்தேன். பச்சை... மஞ்சள்... செங்கல்!

ஓயாமல் தண்ணீர் குடித்தாளே, எவ்வளவு தின்றும் மெலிந்துகொண்டே போனாளே... எல்லாம் ஒரே கணத்தில் விளங்கிற்று.

"இன்னா டீச்சர், நீலமாவே நிக்கும்னீங்க, என்னுது கலர் மாறிப்போச்சு?"

"மருந்து கெட்டுப்போச்சு" என்று தொட்டியில் கொட்டினேன்.

அவளுக்காகவா மறைத்தேன்? இல்லை! அவள் கல்யாணம் நின்றால் என்னுடையதும் நிற்கும். முடியட்டும், பிறகு சொல்லலாம்... என்று எண்ணினேன். ஒரே பந்தலில் இருவர் கழுத்திலும் தாலி ஏறியது. பிறகோ, சொல்லத் துணிவு வரவில்லை.

சில மாதங்களில் அவள் வாந்தி எடுக்கத் தொடங்கினாள். "மசக்கைதான், இன்னாத்துக்குப் பயப்படுறே?" என்று மாமியார் பூரித்துப்போனார். நான் அருகில் சென்றேன். நெஞ்சு ஏறி இறங்க மூச்சு வாங்கினாள். அந்த மூச்சில் கனிந்த பழத்தின் வாசனை! சர்க்கரையைப் பயன்படுத்த இயலாத உடல் கொழுப்பை எரிக்கும்; அதில் பிறக்கும் அமிலம் இரத்தத்தை நச்சாக்கும்... நானே நடத்திய பாடம்!

ஆஸ்பத்திரியில் இன்சுலின் இருந்தது. ஆனால், "தெரிஞ்சும் ஏன் மறைச்சே?" என்று கேட்பார்களே... அந்த ஒரு கேள்விக்கு அஞ்சி, பகல் முழுவதும் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். மாமியார் சொன்னபடி, சர்க்கரை போட்டு!

மறுநாள் நினைவு தப்பிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டார்கள். பிழைக்கவில்லை.

காரியம் முடிந்ததும் கொழுந்தனார் என் எதிரில் வந்து நின்றார்.

"சர்க்கரை வியாதின்றாரு டாக்டர். ரொம்ப நாளா இருந்திருக்குமாம். நீங்க படிச்சவங்க அண்ணி... தெரிஞ்சிருந்தா சொல்லாமலா இருப்பீங்க?"

"சொல்லியிருப்பேன் தம்பி" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதே வீட்டில், என் கையால்தான் சாப்பிடுகிறார்... இன்றைக்கும் என்னை நம்புகிறார்!