முந்நூற்று ஐம்பத்து மூன்றாவது பெயர்

ஏலவார்குழலிக்கு இருபத்தாறு வயதில் கணவன் செத்துப்போனான். உத்திரமேரூர் சாலையில் லாரி மோதியது. பதினாறாம் நாள் அவள் பொட்டை அழிக்க வந்த சொந்தக்காரப் பெண்களிடம், "இது அவரு குடுத்தது இல்ல. மூணு வயசுலேருந்து நான் வெச்சிக்கினு கீறது" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குக் காப்பி கலக்க உள்ளே போனாள். காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள், பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

காஞ்சிபுரத்தில் கணிதம் படித்திருந்தாள். சென்னையில் ஆறு மாதம் விடுதியில் தங்கிக் கம்ப்யூட்டரும் கற்றாள். எண்பத்தாறில், ஊரை ஒட்டிய சர்க்கரை ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, தேர்வு எழுதிய முப்பத்தெட்டுப் பேரில் முதலாவதாக வந்து வேலையில் சேர்ந்தாள். தேர்வில் ஜாதகம் கேட்கவில்லை. அதைக் கேட்கும் ஆள் அலுவலகத்திலேயே இருந்தார்.

சூப்பிரண்டு பாண்டுரங்கன்தான் அவர். நாற்காலியில் உட்காருவதற்கு முன் பஞ்சாங்கத்தைப் பார்ப்பார். கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனம் வைத்து, பிரிண்டரின் காலடியில் எலுமிச்சம்பழம் நசுக்கியவர்.

எந்த விவசாயி எந்தத் தேதியில் கரும்பை வெட்ட வேண்டும் என்று ஆலை சொல்வதற்கு வெட்டு உத்தரவு என்று பெயர். மானாம்பதிப் பிரிவுதான் இருப்பதிலேயே பெரியது, அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர். அந்தப் பட்டியல் குழலியின் பொறுப்பு. வாரம் ஒருமுறை அச்சடிப்பாள். ஒவ்வொரு முறையும் நன்றாக ஓடிக்கொண்டே வந்து, நடுவில் கோணல்மாணலாகக் குறிகள் விழும். அதற்கு நடுவே, 'ஏதாவது ஒரு கட்டையை அழுத்தவும்' என்று, விசைப்பலகைக் கட்டையைச் சொல்லி, ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். ஒருமுறை அந்தத் தாள் கவனிக்கப்படாமல் ஊருக்கே போய்விட்டது. எத்திராஜ் என்ற விவசாயி அதைப் படித்தவர்களிடம் காட்டி அர்த்தம் கேட்டுக்கொண்டு வந்து, "எந்தக் கட்டைய அழுத்தணும் சொல்லுங்க, வண்டிக் கட்டையா, கரும்புக் கட்டையா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

அவள் விடுப்பில் இருந்த இரண்டு வாரம் அதே பட்டியலைக் கூட வேலை பார்க்கும் கோபால் அச்சடித்தான். ஒரு பிழை இல்லை. கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்த பையன்.

பாண்டுரங்கனுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. "நான் ஒண்ணும் சொல்லலம்மா. மெஷினே சொல்லுது. சில கை சில பொருளுக்கு ஆவாது" என்றார்.

"எந்தக் கை சார்?"

"தெரிஞ்சிக்கினே கேட்டா இன்னா சொல்றது?"

அடுத்த திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடும்போது அவளைச் சாக்குக் கிடங்குக்கு மாற்றுவதாகக் குறிப்பு எழுதியாயிற்று. கணக்குப் போடப் படித்தவள் இனி கிழிந்த சாக்கைப் பிரித்து அடுக்க வேண்டும். புருஷன் செத்ததற்குத் தண்டனை பெண்டாட்டிக்கு என்பதை இந்த நாட்டில் சட்டமாக எழுதக்கூட யாருக்கும் அவசியம் இருந்ததில்லை.

அழுவதற்கு அவளுக்கு நேரமில்லை, ஆறு நாள்தான் இருந்தது. கெட்டுப்போன தாள்களையெல்லாம் குப்பையிலிருந்து பொறுக்கி வரிசையாக விரித்து எண்ணினாள். முந்நூற்று ஐம்பத்திரண்டு பெயர் சரி. முந்நூற்று ஐம்பத்து மூன்றாவதில் கோளாறு. அடுத்த தாளிலும் அதே எண். அதற்கடுத்ததிலும் அதே. கைராசி இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்துக்கொள்ளாது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு கோபாலின் தாளைப் பார்த்தாள். முந்நூற்று ஆறாவது பெயருக்குப் பின் தலைப்பு மறுபடியும் அச்சாகியிருந்தது.

"கோபாலு, நீ ரெண்டு தபாவா அடிச்சியா?"

கோபால் கதவைப் பார்த்துக்கொண்டான். "சூப்பிரண்டு கிட்ட சொல்லிடாதக்கா. மொத்தமா வுட்டா முக்கா மணி நேரம் ஓடுது. பாதி அடிச்சிட்டு டீக்குப் போயிட்டு வந்து மீதிய அடிப்பேன்."

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடா?"

"டீ குடிச்சதயா?"

ஆக, பெயர் அதிகமானால் கெடுகிறது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. அதைக் கரும்பு வண்டிகள் சொல்லின. உச்சி வெயிலில் ஆலை முற்றத்தில் பெரிய கூச்சல். வண்டிகளை உள்ளே விடும் வீராசாமியிடம் நூறு தகர டோக்கன்தான் உண்டு. நூறு முடிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து கொடுப்பார். அன்றைக்கு வண்டி அதிகம். பழைய ஏழாம் எண் எடை மேடைக்குப் போகுமுன்னே புதிய ஏழாம் எண் வந்து நின்றுவிட்டது.

"ஏழு நான்தான்யா, காலைலேருந்து காத்துக்கினு கீறேன்!"

"என் கையில கீறது இன்னா, அப்பளமா?"

வீராசாமி இரண்டு பேரையும் விலக்கிவிட்டு, வாசலை அடைத்தார். "இனிமே இருபது இருபதா வுடறேன். அது போவட்டும், அப்பால அடுத்த இருபது. அதுவரைக்கும் எல்லாரும் வெளிய நில்லுங்க."

குழலி ஜன்னலை விட்டு நகரவில்லை. பிறகு ஓடிப்போய், பிரிண்டர் கார்டோடு வந்த சிறு புத்தகத்தை எடுத்தாள். கிண்டியில் ஒரு சிறு கம்பெனி செய்து கொடுத்த கார்டு அது. கம்ப்யூட்டரின் நினைவகத்திலிருந்து எழுத்துகளைத் தானே எடுத்துப்போய்ப் பிரிண்டருக்குக் கொடுக்கும். எந்த இடத்திலிருந்து எடுப்பது என்று எண்ணிக்கொண்டே போக அதில் ஒரு எண்ணி உண்டு. அந்த எண்ணிக்கு அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து வரைதான் தெரியும். அதற்குமேல் ஒன்று கூட்டினால் சுழி. நினைவகம் அதைவிடப் பெரியது என்பதால், எந்தப் பகுதி என்ற எண்ணை வேறொரு பெட்டியில் வைத்திருந்தார்கள். எண்ணி சுழிக்குத் திரும்பும்போது அந்தப் பெட்டி கூடுவதில்லை. எல்லையைத் தாண்டி அடுத்த பகுதிக்குப் போக வேண்டிய கார்டு, அதே பகுதியின் தொடக்கத்துக்கே திரும்பிவந்து அங்கே கிடந்த வேறு எதையோ அள்ளிக் கொடுத்தது. டோக்கன் ஏழு, வண்டி வேறு.

காகிதத்தில் கணக்குப் போட்டாள். ஒரு பெயர் வரிக்கு அறுபத்து நான்கு எழுத்து. பட்டியல் தொடங்கும் இடத்திலிருந்து எல்லைக்கு இருபத்திரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தெட்டு எழுத்துத் தூரம். வகுத்தாள். முந்நூற்று ஐம்பத்திரண்டு, மீதி இல்லை. மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள், அடுத்த அறையில் டைப் அடிப்பது நின்றது.

கார்டை மாற்ற முடியாது. கம்ப்யூட்டருக்கும் கார்டுக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் டிரைவர் என்ற சிறு புரோகிராமை மாற்றலாம். அதன் அச்சுப் பிரதி பீரோவில் யாரும் தொடாமல் கிடந்தது. நான்கு நாள் பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் அதைப் படித்தாள். எல்லையைத் தொடாத ஒரு சின்ன இடத்தை நினைவகத்தில் ஒதுக்கினாள். அறுபத்து நான்கு பெயரை அங்கே பிரதி எடுத்து வைப்பது, கார்டுக்கு அந்த இடத்தை மட்டும் காட்டுவது, அது முடித்ததும் அடுத்த அறுபத்து நான்கு. பட்டியல் எங்கே இருந்தாலும் கார்டு அந்த முற்றத்தைத் தாண்டிப் போகவே வேண்டாம்.

திங்கட்கிழமை குழுத் தலைவர் தணிகைவேல் வந்தார். காவாந்தண்டலத்தில் கரும்பு போடும் மனிதர், சுருக்கமாகப் பேசுவார். குழலி அவரிடம் ஒன்றே கேட்டாள்: "முதல்ல பழைய புரோகிராம்ல சூப்பிரண்டு சார் கையாலயே முழுப் பட்டியலும் ஓடட்டும். நேரத்தையும் அவரே குறிக்கட்டும்."

பாண்டுரங்கன் ஒன்பதேகாலைக் குறித்தார். குளித்துவிட்டு நெற்றி நிறையச் சந்தனத்தோடு வந்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டையை அழுத்தினார். பிரிண்டர் கடகடவென்று ஓடியது. முந்நூறு தாண்டியதும் குழலி, "ஐம்பத்து மூணுல பாருங்க" என்றாள். சொன்ன வரியில் கோணல் குறிகள் கொட்டின. கோபால் தாளைக் கிழித்து, நடுவில் இருந்த வரியைத் தமிழாக்கிச் சத்தமாகப் படித்தான்: "ஏதாவது ஒரு கட்டையை அழுத்தவும்."

"அழுத்தினாரேப்பா" என்றார் தணிகைவேல்.

அடுத்து குழலி தன் டிரைவரை ஏற்றிக் கட்டையைத் தட்டினாள். முந்நூற்று ஐம்பத்து மூன்றாவது பெயர் ஊர்ப்பேர் தகப்பன்பேரோடு சுத்தமாக விழுந்தது. ஐந்நூறு, அறுநூறு. கடைசியில் அறுநூற்றுப் பன்னிரண்டாவது விவசாயி மலர்க்கொடியின் பெயரும் விழுந்து பிரிண்டர் நின்றது. கோபால் கை தட்டினான்; ஜன்னலுக்கு வெளியே வீராசாமி எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்.

தணிகைவேல் கிடங்கு மாற்றக் குறிப்பை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இது என்னோட இருக்கட்டும். அந்தப் பொண்ணு கிண்டிக்குப் போய் இதச் சொல்லிக் குடுத்துட்டு வரட்டும். பஸ் சார்ஜ் ஆலை தரும்."

பாண்டுரங்கன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் நல்லா இருந்தது, அதான் ஓடிச்சு."

"நேரந்தான் காரணம்னா உங்க கைக்கும் ஓடியிருக்கணுமே சார்" என்றாள் குழலி. "சரி, இனிமே மானாம்பதிப் பட்டியல வெள்ளிக்கிழமை பத்தேமுக்காலுக்கு வெச்சிக்கிறேன்."

"அது ராகு காலம்மா."

"தெரியும் சார். அப்பதான் ரூம் காலியா கீது."

அந்த அரவைப் பருவம் முடியும்வரை வெள்ளிக்கிழமை பத்தேமுக்காலுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு பெயரும் ஒரே ஓட்டமாக ஓடின. கோபால் இப்போது நிம்மதியாக, நடுவில் ஓடிவர வேண்டிய அவசியமில்லாமல், டீ குடித்தான்.