டுரியானில் முதுகு தேய்த்தவன்

பந்தயத்தை ஆரம்பித்தது நான்தான். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பழி என் மனைவி மேல் போய் விழும்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பஸ் ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். நான் அப்போது கூலாய் டவுனில் பேக்டரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். விடிவதற்கு முன்பே தாமான் தாமானாக, அதாவது ஒவ்வொரு குடியிருப்பாகப் போய் ஆட்களை ஏற்றி, ஷிப்ட் தொடங்குவதற்குள் பேக்டரி வாசலில் இறக்கிவிட வேண்டும். நாற்பது பேர். பாதிப் பேர் சீட்டில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள். என்னை நம்பித்தான் தூங்கினார்கள்.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, எனக்குப் பல வருஷமாக உண்டு. கண்ணில் வந்தது அந்த வருஷம்தான். எதைப் பார்த்தாலும் நடுவில் மட்டும் புகை அடைத்த மாதிரி இருக்கும். ஓரங்கள் தெரியும். ஒருவர் முகத்தைப் பார்த்தால் காது தெரியும், மூக்கும் வாயும் இருக்காது. கிளினிக் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அதை நாலாக மடித்து, பஸ்ஸில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்றெல்லாம் இல்லை. அவள் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

மாட்டிக்கொண்டது கோயிலில். ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும், மாம்பழ நிறச் சேலையைக் கண்டு, என் மனைவிதான் என்று பக்கத்தில் போய், "போலாமா, கால் வலிக்குது. வீட்டுக்குப் போயி ரெண்டு தோச சுட்டுக் குடு" என்றேன். சேலை கட்டியிருந்தது வேறொரு அம்மா. அவர் சிரித்துவிட்டார். நாலடி தள்ளி நின்ற என் மனைவி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கையை நீட்டினாள்.

"பஸ் சாவியக் குடுங்க."

தப்பு என் பக்கம் இருக்கும்போதுதான் எனக்குக் குரல் உயரும். இளவயதிலிருந்தே அப்படி. கண்ணில்லாதவனா முப்பது வருஷம் லாரியும் பஸ்ஸும் ஓட்டினான் என்று குதித்தேன். குதித்த வேகத்தில் வாயில் வந்ததுதான் அந்தப் பந்தயம்.

"ஞாயித்துக்கிழம காடில ஏறு. இங்கேர்ந்து லாபிஸ் வரைக்கும் ரோட்டோரத்துல நிக்கிற செலையெல்லாம், பக்கத்துல போறதுக்கு முன்னாலயே என்ன, எப்படி இருக்குன்னு நான் சொல்றேன். ஒண்ணு தப்பாப் போனாலும் சாவி ஒனக்கு. எல்லாம் சரின்னா, இந்தப் பேச்ச இனிமே எடுக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். என்ன முகபாவம் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, "சரி, போலாம்" என்றாள்.

அது நேர்மையான பந்தயம் இல்லை. அந்தச் சிலைகள் எனக்கு மனப்பாடம். நம் பக்கத்துச் சின்ன டவுன்களுக்கும் கடைகளுக்கும் ஓர் ஆசை உண்டு. தான் விளைவிப்பதையோ விற்பதையோ ஆளுயரத்துக்குச் செய்து, பெயின்ட் அடித்து, போகிற வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி நிறுத்திவிட வேண்டும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பழைய ரோட்டில் லாரி ஓட்டிய எங்களுக்கு அதுதான் மைல் கல். "சேவல தாண்டி லெப்ட்ல திரும்பு", "டுரியான்கிட்ட நிக்கிறேன் வா" என்றுதான் போனில் வழி சொல்லுவோம். செகாமட் வரைக்கும் அந்த ரோட்டில் நான் எத்தனை நடை போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டே ஜெயிக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பிளாஸ்கில் தேநீரும், டப்பாவில் நாசி லெமாச் சோறும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள். நான் வழக்கம்போல ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எந்த வண்டி ஏறினாலும் அப்படிச் செய்யாமல் நான் கிளம்ப மாட்டேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செடெனாக் தாண்டி ஒரு மாட்டுப் பண்ணை. "காளை மாடு. வெள்ளையா இருக்கும். ரெண்டு கொம்புலயும் நீலம், கழுத்துல மஞ்ச மணி" என்றேன், பண்ணை வருவதற்கு முன்பே. வண்டி அதைத் தாண்டும்போது அவள் நன்றாகத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

"எறங்கி ஒரு போட்டோ எடுப்போமா?"

"வேணாங்க, வெயிலு. காடிலேர்ந்தே எடுத்துட்டேன்."

சிம்பாங் ரெங்கம் சந்திப்பு நெருங்கும்போது அவள் மெதுவாக, "செவப்பு" என்றாள். "தெரியுது லா" என்றேன். தெரியவில்லை. முன்னால் போன லாரியின் பின்பக்கம் திடீரென்று பெரிதானதை வைத்துத்தான் பிரேக் போட்டேன். அதற்குப் பிறகு அவள் "மோட்டார் வருது", "குழி" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தேன்.

ஆயர் ஈத்தாமில் ஒரு பானைக்கடை வாசலில் ஆளுயர மண் கெட்டில். பச்சை நிறம், கைப்பிடியில் டிராகன் சுற்றியிருக்கும் என்றேன். "சரி" என்றாள். யோங் பெங் பக்கம் கோழிச்சோற்றுக் கடை வாசலில் சேவல். தன்னையே சமைத்துப் போடுகிற மாதிரி தலையில் சமையல்காரத் தொப்பி வைத்திருக்கும். அதையும் சொன்னேன். அதற்கும் "சரி"தான். குரல் உள்ளே போயிருந்தது. தோற்கப்போகிற கடுப்பு என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினேன். இன்றைக்கும் அந்தச் சீட்டியை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசிச் சிலை, லாபிஸுக்குக் கொஞ்சம் முன்னால், ரயில் பாதை ரோட்டை ஒட்டி வரும் ஒரு சின்ன டவுனின் முச்சந்தியில். சிமெண்டில் செய்த டுரியான், முள்முள்ளாக இருக்கும் பழம். என் உயரத்துக்கு மேல் இருக்கும். எனக்கும் அதற்கும் பழைய பழக்கம். லாரி நாட்களில் அங்கே நிறுத்தி தேநீர் குடித்துவிட்டு, வியர்த்த முதுகை அதன் முள்ளில் தேய்த்துக்கொள்வேன். எருமை மரத்தில் உரசுகிற மாதிரி இருக்கிறதென்று கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். முள் மழுங்கலாக, முதுகு சொறிவதற்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

முச்சந்தியில் பெரிய பச்சை உருண்டை ஒன்று என் கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. "டுரியான்! பச்ச டுரியான், பக்கத்துல ஒரு சொளை பிரிச்சு மஞ்சளாத் தெரியும்" என்றேன்.

நான் வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்த பிறகுதான் அவள், "சரிங்க" என்றாள்.

"அப்ப நான் ஜெயிச்சேன்."

"ஆமா, ஜெயிச்சிட்டீங்க. வாங்க, திரும்பிப் போலாம்."

"இதுல ஒரு போட்டோ எடுத்தே ஆகணும்."

"வேணாங்க. உள்ளயே இருங்க." கையைப் பிடித்தாள். நான் உதறிக்கொண்டு இறங்கினேன். ஜெயித்தவன் அல்லவா. புல்லைத் தாண்டிப் போய், ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்று, பழைய வழக்கப்படி முதுகை அதில் சாய்த்து மேலும் கீழும் ஒரு தேய் தேய்த்தேன்.

முதுகு வழுக்கியது.

இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தேன். முள் இல்லை. திரும்பி இரண்டு கையாலும் தடவினேன். வழவழவென்று, வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது. தட்டினால் உள்ளே ஒன்றுமில்லாத சத்தம் வந்தது. கையை மேலே கொண்டுபோனால் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தபடியே நின்றேன். ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது.

"என்னதிது?"

"எளநிங்க. மேல ஸ்ட்ரா வச்சிருக்காங்க. பிங்க் கலர்ல."

"டுரியான்?"

"எடுத்துட்டாங்க போல."

கோபப்பட வேண்டும் என்று பார்த்தேன். வரவில்லை. பயம்தான் வந்தது. "அப்புறம் ஏன் சரின்னு சொன்னே?" என்று கேட்டேன்.

அவள் அழுதாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் ரோட்டில் நின்று அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, கேட்கத்தான் முடிந்தது.

"நீங்க தோக்கணும்னுதான் சாமிகிட்ட வேண்டிக்கிட்டு வந்தேன். ஆனா நீங்க சின்னப் புள்ளயாட்டம் அவ்வளவு சந்தோஷமா சொன்னீங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல."

"நாளைக்குக் காலையில நான் பஸ்ஸ எடுத்திருந்தா?"

"நானும் ஏறியிருப்பேன். முன் சீட்டுல ஒக்காந்து, இன்னிக்கிச் சொன்ன மாதிரி சொல்லிக்கிட்டே வந்திருப்பேன்."

"எத்தன நாளைக்கு?"

"தெரியலங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளம்பியதிலிருந்து வண்டியை ஓட்டி வந்தது நானில்லை. செவப்பு என்றதும் மோட்டார் வருது என்றதும் பயத்தில் சொன்னதல்ல. அவள் கண்ணால் பார்த்து என் கையால் ஓட்டியிருக்கிறாள். நான் சீட்டியடித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அதுவரை யாரிடமும் சொல்லாததை அங்கே நின்றபடி அவளிடம் சொன்னேன். அதற்கு முந்தைய மாதம், இருட்டு விலகாத நேரத்தில், பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் "அங்கிள்!" என்று அலறினாள். பிரேக்கை மிதித்தேன். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் முன்னால் போய் முட்டிக்கொண்டார்கள். சைக்கிளில் ஒரு பெரியவர், பஸ்ஸின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால், கையைத் தூக்கி என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாராம். தப்பு தன்னுடையது என்று நினைத்திருக்கிறார். அதையும் அந்தப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அவரைப் பார்க்கவே இல்லை. மறுநாளும் பஸ்ஸை எடுத்தேன். அதற்கு மறுநாளும்.

"அலமாக்" என்று மட்டும், அட கடவுளே என்கிற மாதிரி, சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அங்கேயே நின்று பஸ் முதலாளிக்குப் போன் போட்டு, கண் போய்விட்டது, நாளைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். கண் போய்விட்டது என்பதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு பேன்ட் பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். பஸ் சாவி, கார்ச் சாவி இரண்டும் அதில்தான் இருந்தன.

அவளுக்கு லைசன்ஸ் உண்டு. பசார், கோயில், திரும்பினால் வீடு. அதைத் தாண்டி ஓட்டியதில்லை. சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு இன்னொரு முறை தொட்டு, கையை நீட்டி என் கண்ணில் வைத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாற்பதுக்கு மேல் வேக முள் ஏறவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. முப்பது வருஷ டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு வருவது லேசான காரியமில்லை. யோங் பெங் நெருங்கும்போது நானாகவே கேட்டேன்.

"சேவல் இருக்குதா?"

"இருக்கு. தொப்பிதான் இல்ல." கொஞ்சம் தயங்கினாள். "கறுப்புக் கண்ணாடி மாட்டி விட்டிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அந்த நாளில் இருவரும் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

ஆயர் ஈத்தாமில் வேகத்தை இன்னும் குறைத்தாள். "கெட்டிலுக்குக் கைப்பிடி ஒடஞ்சு போச்சுங்க. டிராகனுக்கு வாலு மட்டும்தான் இருக்கு" என்றாள். செடெனாக்கில் இருட்டத் தொடங்கியிருந்தது. "காளைக்கு ஒத்தக் கொம்பு. மழையில கறுத்துப் போச்சு. மணியும் இல்ல."

நாலுக்கு நாலும் தப்பு. நாலுக்கும் சரி என்றிருக்கிறாள். முதல் சிலையிலேயே நான் தோற்றுவிட்டேன், அதற்குப் பிறகு அத்தனை மைல் அவள் எனக்காக ஜெயித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

இப்போது கண்ணில் ஊசி போடுகிறார்கள். இடது கண் கொஞ்சம் தேறியிருக்கிறது, பெரிய எழுத்தில் வைத்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பஸ் இனிமேல் இல்லை. விடியற்காலையில் அது எங்கள் தாமானைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். கண் தெரிந்த யாரோ ஒருவர் ஓட்டுகிறார் என்று சொல்லிக்கொள்வேன்.

அன்று தாமானுக்குள் நுழைந்ததும் அவள் இரண்டு முறை திரும்பினாள். நாய் குரைத்தது. பக்கத்து வீட்டுச் சாம்பிராணி வாசனை வந்தது. எங்கள் வீட்டு கேட் முன்னால் எரியும் விளக்கு என் கண்ணின் ஓரத்தில் நன்றாகவே தெரிந்தது. வீடு வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"வீடு வந்துருச்சுங்க" என்றாள்.

"சரி" என்றேன்.