தென்னை மரத்தடியில் கொட்டிய மீன்கள்

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்ததால், அந்தக் கோடையில் வடக்கனந்தல் வீட்டிலிருந்தே என் ஆராய்ச்சி வேலையைச் செய்தேன். கோதாவரிக் கரையில் நானே வெட்டியெடுத்த சிவப்புக் களிமண் இரண்டு சாக்குகளில் கூடவே வந்தது. டைனோசர்கள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கிய டிரையாசிக் காலத்து மண் அது. ஊறவைத்துச் சல்லடையில் அலசினால் அந்தக் காலத்து மீன்களின் பல்லும் செதிலும் தங்கும். காயவைத்து, லென்ஸில் பார்த்து, என்ன மீன் என்று பிரிக்க வேண்டும்.

எதிர்வீட்டு அக்கா கரும்பு வெட்டப் போகிறவள். வேலையில்லாத நாட்களில் அம்மாவுக்குத் துணையாக வருவாள். "இன்னா பாப்பா, தங்கமா அலசற?" என்று கேட்டாள். மீன் என்றேன். அவள் நேராக அம்மாவிடம் போய் என் கல்யாணப் பேச்சை எடுத்தாள்.

ஒருநாள் கண் மருந்து வாங்கக் கள்ளக்குறிச்சி போய் வந்தபோது, ஜன்னலோரம் காயவைத்திருந்த தட்டு கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

"சேறு காஞ்சி கெடக்குதுன்னு தென்னமரத்தாண்ட கொட்டிட்டேன்டி," என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. "உன் படிப்பயே கொட்டிட்டனா?"

அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழுதாள். ஒன்றுமில்லை என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

அக்காதான் மண்வெட்டி எடுத்து வந்தாள். மரத்தடி மேல்மண்ணை வழித்தெடுத்து, இருவரும் மறுபடி அலசினோம். செதில்கள் நிறையவே கிடைத்தன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிய கழிவும் அந்த மரத்தடிக்குத்தான் போகும். பொடியான செதில்களில் எது பழையது, எது போன மாதத்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் நகத்தளவில் கருப்பாக ஒன்று வந்தது. விசிறி மடிப்பைப் போல மேடுகள். நுரையீரல் மீனின் பல் தகடு. எங்கள் ஊர் ஏரி மீன் எதற்கும் அப்படிப் பல் கிடையாது. அதை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது ஒண்ணு போதுமா உனுக்கு?"

"போதும்மா," என்றேன்.

போதாது. என் பேராசிரியரிடம் போனில் சொன்னபோது, பல் தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கில் சேர்க்காமல் விடச் சொன்னார். யார் கொட்டினார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டாவது சாக்கை அலசிக் காயவைத்த நாட்களில், அம்மா கருப்புக் கண்ணாடியோடு தட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அக்கா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாலும், "அந்தாண்ட போ, மீனு காயுது," என்பாள்.