மலைக்குப் போகாத ஜீப்புகள்

மலை ஏறுகிற வண்டியை, மலை ஏறவே போகாத ஆட்களிடம் விற்பதுதான் எங்கள் தொழில்.

சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில், பழைய ஜீப் வகை வண்டிகளை வாங்கி விற்கும் ஒரு யார்டில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். இப்போது அந்த இடத்தில் டைல்ஸ் கடை இருக்கிறது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், பாறையில் ஏறும், ஆற்றில் இறங்கும் என்று சொல்லித்தான் விற்போம். வாங்குகிறவர் அதில் மார்க்கெட்டுக்குப் போவார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவார், கல்யாண வீட்டு வாசலில் நாலு பேர் பார்க்க நிறுத்துவார். அதனால் பாறையில் எப்படி ஏறும் என்பதைவிட, ரயில்வே கேட்டில் எப்படி நிற்கும், பஸ் ஸ்டாண்டு முன்னால் எப்படித் திரும்பும் என்பதுதான் கேள்வி. வருகிறவரை உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டி அதற்குப் பதில் சொல்வது என் வேலை.

யார்டில் எப்போதும் மூன்று வகை நிற்கும். துணிக்கூரை போட்ட பழைய ஜீப். பின்னால் எதிரெதிராக ரெண்டு பெஞ்சு போட்ட நீட்டு வண்டி. ஏசி வைத்த புது மாடல் குட்டை வண்டி. மூன்றுக்கும் மூன்று குணம். ஜவுளிக்கடையோ மருந்துக்கடையோ, வாடிக்கையாளர் முன்னால் நின்று சிரித்தே காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

வேண்டுதல்

வேலைக்குச் சேர்ந்த புதிது. வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு விவசாயி தோட்டத்துக்குப் போய்வர பழைய ஜீப் பார்க்க வந்தார். துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு நான் சாவியோடு போய் நின்றேன். அவர் இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டு, "டிரைவர் எப்ப வருவாரு?" என்று கேட்டார். நான் ஸ்டியரிங் பக்கம் ஏறினேன். அவர் தோளில் கிடந்த துண்டை மடித்து மடியில் வைத்துவிட்டு, முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பழைய ஜீப்பின் ஸ்டியரிங்குக்கு ஒரு பழக்கம் உண்டு. திருப்பினால் உடனே திரும்பாது, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். நேர் ரோட்டில்கூட வலமும் இடமும் லேசாக ஆட்டிக்கொண்டே போனால்தான் வண்டி நேராகப் போகும். புதுக் குட்டை வண்டியின் ஸ்டியரிங்கை விரலால் தள்ளினால் போதும். இதற்குத் தோளிலிருந்து பலம் கொடுக்க வேண்டும். எதிரே பஸ், ஓரத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், நடுவில் நாங்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு கடந்தேன். கடந்த பிறகுதான் அவர் மூச்சுவிட்டது கேட்டது. யார்டுக்குத் திரும்பியதும் வண்டி எப்படி என்று முதலாளி விசாரித்தார். அதற்கு அவர் சொன்னார்: "வண்டி நல்ல வண்டிதான் வே. ஆனா இந்தப் பிள்ள ஸ்டியரிங்கப் பிடிக்கல, அதுகிட்ட வேண்டிக்கிட்டுல்லா வருது."

பின் பெஞ்சு

விசைத்தறி வைத்திருந்த ஒருவர் குடும்பத்தோடு நீட்டு வண்டி பார்க்க வந்தார். அவர் முன் சீட்டில், மனைவியும் இரண்டு மகள்களும் நடு சீட்டில், இரண்டு மருமகன்களும் பின் பெஞ்சுகளில் எதிரெதிராக. நீட்டு வண்டி ஆள் நிறைய ஏறினால் மெத்தை, ஆள் குறைந்தால் முறைப்பு. பின் சக்கரத்துக்கு மேல் இருப்பது அரிசி மூட்டை ஏற்றுவதற்காகப் போட்ட ஸ்பிரிங் பட்டைகள், இரண்டு மருமகன்களின் எடைக்கெல்லாம் அசையாது. முன் சீட்டுக்கு வேகத்தடை தொட்டில் ஆட்டுவது மாதிரி வந்து போகும். அதே வேகத்தடை பின் சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது, பின் பெஞ்சில் இருப்பவர் கூரையைத் தொட்டுவிட்டு வருவார்.

ஒவ்வொரு வேகத்தடைக்கும் மாமனார் திரும்பிப் பார்த்து, "என்ன சொகுசு பாத்தீங்களா?" என்றார். புது மருமகன்கள், பாவம், என்ன சொல்வார்கள்? தலையாட்டினார்கள். அவர்கள் ஆட்டாவிட்டாலும் அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. இறங்கியதும், அன்றைக்கே முடித்துவிடலாமா என்று அவர் கேட்க, மூத்த மருமகன் உச்சந்தலையைத் தடவியபடி சொன்னார்: "எடுத்துருங்க மாமா, அருமையான வண்டி. நாங்க ரெண்டு பேரும் பஸ்ஸுல வந்துருதோம்."

தெளிவாகக் கேட்கிற வண்டி

சாமுவேல் சார் ஏதோ அரசு ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஓய்வு பெற்ற டீச்சர். இருவரும் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். முதலில் புதுக் குட்டை வண்டியில் போனோம். கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டால் அது வீட்டுக்குள் இருக்கும் ஓர் அறை மாதிரி. சார் பேசத் தொடங்கினார். இளவயதில் அவருடைய ஆபீஸர் வைத்திருந்த ஜீப், அதற்கு டீசல் அடித்த கதை, மகள் வீட்டுச் சமையலில் உப்பு, போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஐயர் பிரசங்கத்தில் சொல்லாமல் விட்ட வசனம். குருவிகுளம் ரோட்டில் போய்த் திரும்பி வரும்வரை நிறுத்தவில்லை. டீச்சர் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு அதே வழியில் பழைய ஜீப். இன்ஜின் இரைச்சல், துணிக்கூரை படபடப்பு, சீட்டுக்கு அடியில் ஜாக்கி உருளும் சத்தம். சார் அப்போதும் பேசிக்கொண்டுதான் வந்தார், உதடு அசைவது தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். டீச்சர் கண்ணைத் திறந்து, பறக்கும் முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டு, தூரத்தில் சுற்றும் காற்றாலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகிற பிள்ளையின் முகம். யார்டில் இறங்கியதும் சார் புது வண்டிதான் என்று முடிவே செய்துவிட்டார். டீச்சர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்: "எம்மா, அந்தப் புது வண்டில இவுக பேசுறது எல்லாம் தெளிவா கேக்கு. எப்படியாவது பேசி, அந்தப் பழசையே முடிச்சு விட்டுரு."

கரிசல்

முருகேசன் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். குருவிகுளம் பக்கம் அவருக்குப் புஞ்சை. மழை பெய்தால் அந்தப் பாதையில் எந்த வண்டி போகும் என்று பார்த்துத்தான் வாங்குவேன் என்றார். ஐப்பசி மாதம், முந்தின நாள் நல்ல மழை. நான் அவரை ஏற்றிக்கொண்டு புதுக் குட்டை வண்டியில் போனேன். யார்டு மெக்கானிக் முத்தையா அண்ணன் பின்னால் பழைய ஜீப்பில் வந்தார். மண்பாதையில் இறங்கிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், அகலமான டயரில் கரிசல் அப்பி அப்பி, சக்கரம் நாலும் களிமண் உருண்டையாகிவிட்டது. வண்டி நின்றுவிட்டது. பழைய ஜீப்போ மெல்லிய டயரால் சேற்றை வகிர்ந்துகொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றது.

அப்போது வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் சேற்றில் ஓடிவந்தார். மகள் செல்விக்கு வலி எடுத்துவிட்டது, ஆம்புலன்ஸ் தார் ரோட்டில் நிற்கிறது, உள்ளே வர முடியவில்லை என்றார். மூச்சு வாங்கியதில் பாதி வார்த்தை வரவில்லை. புது வண்டியை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் ஜீப்பில் ஏறினோம். வீட்டிலிருந்து செல்வியை மெத்தையோடு தூக்கிப் பின்னால் கிடத்தினார்கள். அவள் தலை அம்மா மடியில். சிக்கினால் இறங்கித் தள்ளுவதற்கு ஆண்கள் வேண்டும் என்பதால், ஓட்டுவது என் பாடாயிற்று. நாலு சக்கரமும் இழுக்கும் சின்னக் கியரைப் போட்டேன். அதுவரை அதை வாடிக்கையாளருக்குக் காட்டத்தான் போட்டிருக்கிறேன்.

என்னிடம் இருந்ததிலேயே மோசமாகக் குலுக்குகிற வண்டி அது. ஆனால் அந்தச் சேற்றில் அது ஒன்றுதான் போகும். நிறுத்தினால் புதையும், நிறுத்தாமல் போனால் ஒவ்வொரு குழியிலும் அந்தப் பெண் துடிக்கிறாள். "அக்கா, மெதுவாப் போங்க" என்றாள். நான் காலை லேசாக எடுத்தேன். "இல்லக்கா, சீக்கிரம் போங்க" என்றாள். பின் சக்கரம் ஓரிடத்தில் வழுக்கிப் பக்கவாட்டில் இழுத்தது. முத்தையா அண்ணனும் முருகேசனும் குதித்துத் தோளைக் கொடுத்தார்கள். வண்டி உறுமி ஏறியது. தார் ரோடு கண்ணில் பட்டபோதுதான் என் முதுகு முழுக்க நனைந்திருப்பது தெரிந்தது. செல்வியை ஆம்புலன்ஸில் மாற்றினார்கள். சாயங்காலம், பெண் குழந்தை, இரண்டு உயிரும் சுகம் என்று அவள் அப்பா போன் செய்தார். பேசி முடித்ததும் யார்டு வாசலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

முருகேசன் அந்த ஜீப்பையே வாங்கினார். சில மாதம் கழித்து அவருடைய புஞ்சைப் பக்கம் நான் போனபோது செல்வி வீட்டுக்கும் போனேன். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "மெதுவா ஆட்டுனா இவ தூங்க மாட்டுக்கா, அக்கா. நல்லாக் குலுக்கணும். எல்லாம் ஒங்க வண்டி பழக்கிவிட்டது."

மூணாவது கியர்

யார்டையே மூடுவதற்குச் சில மாதம் முன்பு. ஓர் அம்மா தன் தம்பியோடு பழைய ஜீப் ஒன்றை விற்க வந்தார். கணவர் போன வருடம் தவறிவிட்டாராம். கணவனும் மனைவியுமாகப் பூ விவசாயம் பார்த்து, விடியக்காலம் அந்த ஜீப்பில்தான் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவார்களாம். நான் ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது, "நானும் ஒரு தடவ வரட்டுமா?" என்று கேட்டு ஏறிக்கொண்டார்.

மூணாவது கியர் போட்டுக் கிளட்சை விட்டேன். கொஞ்சத்தில் டக்கென்று கியர் தானாகக் கழன்றுகொண்டது. மறுபடி போட்டேன். இந்த முறை நான் கையை எடுத்ததும், அவர் கை வந்து கியர் கம்பியின் மேல் உட்கார்ந்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டார். கண் ரோட்டில்தான் இருந்தது, கம்பியைப் பார்க்கவே இல்லை. வேகத்தடையில் நான் கிளட்சை மிதித்தால் அந்தக் கை விலகும். மூணாவது விழுந்ததும் திரும்ப வரும். மார்க்கெட் வரை இப்படியே போனோம். இவ்வளவு நாள் ஏன் சரிபண்ணவில்லை என்று கேட்டேன். "அவுக இருந்தப்ப, 'நீதான் பக்கத்துல இருக்கேல்லா, எதுக்கு வெட்டிச் செலவு'ம்பாக" என்றார்.

யார்டில் இறங்கி, முத்தையா அண்ணன் கியர் பெட்டியைத் தட்டிப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். சேலை முந்தானையால் கியர் கம்பியின் உருண்டையை ஒரு தடவை துடைத்தார். போகும்போது என்னிடம் சொன்னார்: "விக்கதுக்கு முன்னால அதச் சரிபண்ணிருங்கம்மா. வாங்குறவுக தனியா ஓட்டுறவுகளா இருந்தா கஷ்டம்லா."

இன்று நான் வேலைக்குப் போய்வருவது ஒரு பேட்டரி ஸ்கூட்டரில். அது இரையாது, அடம்பிடிக்காது, யாரையும் தூக்கிப் போடாது, ஆகவே அதைப் பற்றி உங்களிடம் சொல்ல என்னிடம் ஒரு வரிகூட இல்லை.