பின் இருக்கையில் உட்கார்ந்து வாங்கிய வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் சவரிமுத்து அண்ணன் மாதா கோயில் வாசலில் மனைவி புஷ்பம் அக்காவை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, ஸ்டாண்டு போட்டுவிட்டு, படியில் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். அக்காவைப் பத்திரமாக இறக்கிவிட்ட பிறகுதான் போனார் என்பதில்தான் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறது.

சேலம் லாரி ஆபீஸ்களில் அவரைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். எங்கள் புக்கிங் ஆபீஸில் மேனேஜர். குஜராத்துக்கும் அஸ்ஸாமுக்கும் லாரி அனுப்பிய மனிதர், ஐம்பது வயது தாண்டியும் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. "ஊர் வண்டியெல்லாம் ஓட வைக்கிறீங்க, நீங்க மட்டும் டவுன் பஸ்ஸுக்கு நிக்கிறீங்களேங்ணா" என்று நான் சீண்டுவேன். சிரித்துக்கொண்டே டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

புஷ்பம் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு போயிற்று. ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, கொண்டப்பநாயக்கன்பட்டி பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்திலேயே அக்கா மயங்கி விழுந்துவிட்டார். மறுநாள் அண்ணன் என் மேசைக்கு வந்து, "எனக்கு ஒரு பைக் பாத்துக் குடு சாமி. பழசா இருந்தாப் போதும். மருந்துச் செலவோட தவணை கட்ட முடியாது" என்றார்.

நாமக்கல் ரோட்டில் பழைய வண்டி விற்கும் கடைக்குப் போனோம். நான் இன்ஜின் சத்தத்தைக் கேட்டேன், டயரைப் பார்த்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் பின் இருக்கையில் ஏறி, பெண்கள் சேலையோடு உட்கார்வதுபோல ஒருபக்கமாக உட்கார்ந்து, இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். கடையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஏனுங்க, ஓட்டறவரு முன்னால உக்காந்து பாக்கோணுமுங்க" என்றார் கடைக்காரர்.

"நான் எப்படியாவது ஓட்டிக்குவேங்க. அவ உக்கார முடியுமான்னு மொதல்ல பாக்கணும்."

அக்காவின் இடது கை நரம்பில்தான் டயாலிசிஸ் ஊசி போடுவார்கள். அந்தக் கையால் எதையும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. அதை அவர் சொன்னதும் கடையில் சிரிப்பு நின்றது. கடைக்காரரே என்னை ஓட்டச் சொல்லி, அவரைப் பின்னால் உட்காரவைத்து, வண்டி மாற்றி வண்டி அனுப்பினார். நான் வேண்டாம் என்று ஒதுக்கிய, பெயின்ட் உரிந்த ஒரு வண்டியை அண்ணன் எடுத்தார். இருக்கை அகலம், கால் வைக்கத் தோதான பலகை. இன்ஜினை அப்புறம் சரி பார்த்துக்கொண்டோம்.

ஓட்டக் கற்றுக்கொள்வதற்குள் கீழே விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். லைசென்ஸ் வந்த பிறகும் அக்காவை உடனே ஏற்றவில்லை. முதலில் என்னைப் பின்னால் வைத்து ஆஸ்பத்திரிவரை போய் வந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் "மேடு" என்று குரல் கொடுத்தார்.

"எனக்குக் கண்ணு தெரியுதுங்ணா" என்றேன்.

"திரும்பி வரப்போ அவ கண்ணை மூடிக்குவா சாமி. ஒரு கைதான் புடிக்க முடியும். சொன்னாத்தான் தெரியும்."

அப்படித்தான் கடைசிவரை அக்காவை அழைத்துப் போய் அழைத்து வந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாளே அக்காவுக்கு டயாலிசிஸ். துக்கம் என்று அதைத் தள்ளிப்போட முடியாது. அண்ணனின் வண்டியை நான் எடுத்தேன். அக்கா ஏறி உட்கார்ந்து, வலது கையை என் தோளில் வைத்தார். முதல் வேகத்தடை வந்தது. மெதுவாகத்தான் ஏற்றி இறக்கினேன். அப்படியும் அந்தக் கை என் சட்டையை இறுக்கிப் பிடித்தது.

"மேடுன்னு சொல்லுங்க தம்பி" என்றார் அக்கா. "அவர் சொல்லுவாரு."

அடுத்ததற்குச் சொன்னேன். ஆஸ்பத்திரிவரை சொல்லிக்கொண்டே போனேன்.

அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு சொல்தான். நேற்று தனியாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வேகத்தடை வந்தது. பின்னால் யாருமில்லை. "மேடு" என்றேன்.